தொலைந்த பந்துக்கு மூன்று நிமிடம்: கடிகாரத்தைப் பார்ப்பது யார் பொறுப்பு?

புல்வெளிநடை:

வணக்கம். எங்கள் கோல்ஃப் கிளப்பில் மாதாந்திர மெடல் போட்டி நடந்தது. ஸ்ட்ரோக் பிளே, அதாவது மொத்த அடிகளை எண்ணும் முறை. மூன்று பேர் சேர்ந்து ஆடினோம். எங்களில் மூத்தவருக்கு நான்தான் மார்க்கர், அதாவது அவருடைய ஸ்கோரை எழுதிக் கையெழுத்துப் போடுபவர். கடைசி ஒன்பது ஹோல்களில் ஒரு பார் 4 (நாலு அடியில் முடிக்க வேண்டியது), வலது பக்கம் முழுக்க உண்ணிச்செடிப் புதர். அவருடைய டீ ஷாட் (ஹோலின் முதல் அடி) அந்தப் பக்கம் வளைந்து மறைந்தது. புரொவிஷனல், அதாவது முதல் பந்து தொலைந்திருந்தால் உதவும் மாற்றுப் பந்து ஒன்றை, ஆடிவிடுங்கள் என்று சொன்னோம். "கிடைச்சிடும், வாங்க" என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாமவரின் பந்து இடது ரஃபில் (நீளப் புல்லில்) கிடந்தது. பேசிக்கொண்டே மூத்தவரும் அவருடன் இடது பக்கம் போனார். மூத்தவரின் கேடி (பை தூக்கும் உதவியாளர்) மட்டும் நேராகப் புதருக்குப் போய்ச் செடியை விலக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அப்புறம் நாங்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துகொண்டோம். கடைசியில் பந்து கிடைத்தது. அவர் அதை ஃபேர்வேக்கு (வெட்டிய புல் பாதைக்கு) அடித்து, 5 போட்டு முடித்தார். போட்டியில் இரண்டாம் இடம் அவருக்குத்தான். பரிசும் கொடுத்தாகிவிட்டது.

எல்லாம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் மூன்றாமவர் என்னிடம் கேட்டார்: "நாலு நிமிஷத்துக்கு மேல தேடினோமே, நீங்க கவனிக்கலையா?" அவரும் கடிகாரம் பார்க்கவில்லை. ஒரு கணிப்புதான்.

மூத்தவர் நேர்மையான மனிதர். அதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. ஆனால் நேரம் உண்மையிலேயே கடந்திருந்தால் விதி மீறப்பட்டிருக்கிறது, இல்லையா? யாருக்கும் தெரியாத மீறலுக்கு என்ன பெயர், என்ன தீர்வு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஞாயிறுகோல்ஃபர்:

விட்டுவிடுங்கள் சார். நாம் என்ன தொழில்முறை டூரிலா ஆடுகிறோம்? நாலு நிமிடம் என்பது ஒருவரின் ஊகம். பந்து கிடைத்தது, ஆடினார், முடிந்தது. இதையெல்லாம் கிளறினால் அடுத்த மாதம் உங்களோடு சேர்ந்து ஆட ஆள் கிடைக்காது.

விதிமேசை:

புல்வெளிநடை, ஒரே ஒரு கேள்வி. கேடி புதருக்குள் தேடத் தொடங்கியதற்கும் மூத்தவர் அங்கே வந்து சேர்ந்ததற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்திருக்கும்?

புல்வெளிநடை:

ஒன்று, ஒன்றரை நிமிடம் இருக்கலாம். மூன்றாமவர் தன் ஷாட்டை ஆடி முடிக்கும்வரை மூத்தவர் அங்கேதான் நின்றார்.

விதிமேசை:

அப்படியானால் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. விதி 18.2-இன்படி, ஆட்டக்காரரோ அவருடைய கேடியோ தேடத் தொடங்கிய நொடியிலிருந்து மூன்று நிமிடம். இருவரில் யார் முதலில் தொடங்கினாலும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். பல பேர் "நான் வந்து சேர்ந்ததிலிருந்து" என்று கணக்குப் போடுகிறார்கள். மூத்தவரும் அப்படித்தான் மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். உங்கள் மூன்றாமவர் கேடி குனிந்ததிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறார். இருவருமே மனசாட்சிப்படிதான் நினைத்திருக்கிறார்கள். ஆனால் விதி மூன்றாமவர் பக்கம்தான்.

கேடி முந்திக்கொண்டு தேட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. "நான் வரும்வரை தேடாதே, நில்" என்று ஆட்டக்காரர் சொல்லலாம். அது முழுக்கச் சரி. சொல்லாவிட்டால் கேடியின் நேரம் உங்கள் நேரம்.

மற்றவர்கள் தேடுவது கணக்கில் வராது. வேடிக்கை பார்ப்பவர், கூட ஆடுபவர், அவருடைய கேடி, போட்டிக் கமிட்டி நிறுத்திவைத்த ஆள், இவர்களெல்லாம் உங்களுக்கு முன்பே பத்து நிமிடம் தேடியிருந்தாலும் உங்கள் மூன்று நிமிடம் அப்படியே இருக்கும். டீயிலிருந்து நடந்து வரும் நேரமும் சேராது.

இப்போது மீறலின் எடை. மூன்று நிமிடம் தாண்டியதும் அந்தப் பந்து தொலைந்த பந்து. அது ஆட்டத்தில் இல்லை. அதன்பிறகு அதை அடித்தால் ராங் பால் (தவறான பந்து) அடித்ததாக அர்த்தம். ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டி, கூடவே தவறைத் திருத்தியும் ஆக வேண்டும். அதாவது முன்பு அடித்த இடத்துக்குத் திரும்பிப் போய், ஒரு ஸ்ட்ரோக் சேர்த்து மறுபடி அடிக்க வேண்டும். அடுத்த ஹோலின் டீயில் அடிப்பதற்கு முன் இதைச் செய்யாவிட்டால் தகுதிநீக்கம். நாலு நிமிடத்தில் கிடைத்த பந்தை அடித்துவிட்டு நடந்து போவது சின்ன விஷயமாகத் தெரியும். விதியில் அதன் முடிவு இதுதான்.

ஆனாலும் உங்கள் கதையில் முடிவு மாறாது. போட்டி முடிந்து இறுதி முடிவு அறிவித்த பிறகு, ஆட்டக்காரர் தெரிந்தே மறைத்திருந்தால்தான் கமிட்டி தகுதிநீக்கம் செய்ய முடியும். விதி 20.2-இல் இது தெளிவாக இருக்கிறது. அவருக்கு அப்போது தெரியாது. இரண்டாம் இடம் அவருடையதே. உங்கள் மார்க்கர் கையெழுத்திலும் குற்றமில்லை. தவறான ஸ்கோர் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டால்தான் மார்க்கருக்குத் தண்டனை.

கேள்வி மூன்றாமவரைப் பற்றித்தான் வருகிறது. சந்தேகம் இருந்தால் ஸ்கோர் கார்டு கொடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்று விதி எதிர்பார்க்கிறது. அவர் சொன்னது வண்டி நிறுத்துமிடத்தில்.

ஊட்டிக்குளிர்:

2019-க்கு முன்னால் ஐந்து நிமிடம் இருந்தது. அதுதான் நியாயம் என்று இன்னும் நினைக்கிறேன். ஊட்டி மைதானத்தில் கோர்ஸ் என்கிற மஞ்சள்பூ முட்புதர் எவ்வளவு இருக்கிறது என்று ஆடியவர்களுக்குத் தெரியும். பந்து போன இடம் கண்ணுக்குத் தெரியும், கையை உள்ளே விட முடியாது. டூர் ஆட்டக்காரருக்கு வேலியோரம் நூறு பேர் நின்று பந்து விழுந்த இடத்தைக் காட்டுவார்கள். எங்களுக்கு இரண்டு கேடி. இருவருக்கும் ஒரே விதி என்பது சரியா?

விதிமேசை:

குறைத்ததற்கு ஆட்ட வேகம்தான் காரணம். விதிகளை எழுதும் அமைப்புகளான ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ இரண்டும் சேர்ந்து 2019 ஜனவரி 1 முதல் கொண்டுவந்த பெரிய திருத்தத்தில் இதுவும் ஒன்று. ஒரு பந்துக்கு ஐந்து நிமிடம் தேடினால் பின்னால் வரும் குழுக்கள் வரிசையாக நிற்கும்.

நீங்கள் சொல்லும் முட்புதர் நிலைமைக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. மூன்று நிமிடத்துக்குள் ஒரு பந்து கண்ணில் பட்டுவிட்டது, ஆனால் அது உங்களுடையதா என்று தெரியவில்லை என்றால், அருகே போய்ப் பார்த்து உறுதிசெய்ய நியாயமான அளவு நேரம் தருவார்கள். அந்த நேரம் மூன்று நிமிடத்தைத் தாண்டினாலும் பரவாயில்லை. கண்ணில் பட வேண்டியதுதான் மூன்று நிமிடத்துக்குள். மரத்தில் சிக்கிய பந்துக்கும் இதே கணக்கு. ஆனால் உறுதிசெய்தே ஆக வேண்டும். "அது என் பந்துதான் போலிருக்கு" என்பது போதாது. அதனால்தான் பந்தில் அடையாளம் போட்டு வையுங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொள்கிறோம்.

தொலைந்தால் திரும்பிப் போய் அடி, ஒரு ஸ்ட்ரோக் கொடு என்பது கோல்ஃபின் மிகப் பழைய கட்டளைகளில் ஒன்று. 1744-இல் எடின்பரோ கனவான்கள் லீத் மைதானத்துக்காக எழுதிய 13 விதிகளில் எட்டாவது விதி இதுதான்: பந்து தொலைந்தால் கடைசியாக அடித்த இடத்துக்குப் போய் வேறு பந்தைப் போடு, எதிராளிக்கு ஒரு ஸ்ட்ரோக் விட்டுக்கொடு. அடிப்படை அன்று இருந்ததுதான் இன்றும்.

பைதூக்கி:

நான் பத்தாம் வகுப்பு விடுமுறையில் கேடியாகச் சேர்ந்தவன். இப்போது நானும் ஆடுகிறேன். கேடி பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

சார்மார்களுக்கு நேரம் போவது தெரியாது, எங்களுக்குத் தெரியும். தேடல் எப்படி நடக்கும் தெரியுமா? முதல் ஒரு நிமிடம் எல்லாரும் பந்து விழுந்ததாக நினைக்கும் இடத்திலேயே சுற்றுவார்கள். பழகிய கேடி அங்கே நிற்க மாட்டான். டீயிலிருந்து பார்த்த கோட்டை மனதில் பிடித்துக்கொண்டு, பத்துப் பதினைந்து அடி முன்னாலும் பின்னாலும் போவான். புல்லைக் கையால் விலக்க மாட்டான், காலை இழுத்து இழுத்து நடப்பான். பந்து இருந்தால் பாதத்துக்குத் தட்டுப்படும். முன்பு இதற்குப் பயந்தோம், பந்து நகர்ந்தால் சாருக்குப் பெனால்டி ஆகிவிடுமே என்று. இப்போது தேடும்போது தற்செயலாக நகர்ந்தால் பெனால்டி இல்லை, இருந்த இடத்தில் திருப்பி வைத்தால் போதும். அது வந்தபிறகு தேடுவது எங்களுக்கு எவ்வளவோ சுலபம்.

சொல்ல வந்தது இதுதான். எத்தனையோ முறை நேரம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. வாயைத் திறந்ததில்லை. அன்றைக்குக் கூலியும் டிப்ஸும் அந்த சார் கையில் இருக்கிறது. நாளைக்கு என்னைக் கூப்பிட வேண்டியவரும் அவர்தான். அவரிடம் போய் "சார், டைம் ஆயிடுச்சு" என்று ஒரு கேடி சொல்ல முடியுமா? கூட ஆடும் இரண்டு சார்மார்கள் சொல்ல வேண்டியதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். எல்லாரும் குனிந்து தேடிக்கொண்டே இருப்பார்கள்.

தெற்குக்காற்று:

பைதூக்கி அண்ணா, நீங்கள் சொன்னதுதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். நான் சிங்கப்பூரில் ஆடுகிறேன். எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. யாருடைய பந்தாக இருந்தாலும், தேடல் தொடங்கியதும் ஒருவர் கைக்கடிகாரத்தில் டைமரை அழுத்திவிட்டு "ஸ்டார்ட் பண்ணிட்டேன்" என்று சத்தமாகச் சொல்வார். இரண்டு நிமிடத்தில் ஒரு குரல், மூன்றில் ஒரு குரல். அவ்வளவுதான். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஏனென்றால் அது எல்லாருக்கும் நடக்கும். எனக்கு நேரம் சொன்னவருக்கு அடுத்த ஹோலில் நான் சொல்வேன்.

மூத்தவரிடம் மட்டும் நேரம் பார்த்தால்தான் அது அவமரியாதையாகத் தெரியும். முதல் ஹோலிலிருந்து எல்லாருக்கும் பார்த்தால் தெரியாது.

ஞாயிறுகோல்ஃபர்:

சிங்கப்பூரில் சரி மேடம். இங்கே கமிட்டித் தலைவரோடு ஆடும்போது டைமரை அழுத்திப் பாருங்கள்.

அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம். உலகத்துக்கே தெரிந்த போட்டிகளில்கூட கேமரா இல்லாவிட்டால் எத்தனையோ மீறல்கள் தெரியாமலேயே போயிருக்கும். தெரியாததை வைத்து ஏன் இவ்வளவு கவலை? தெரிந்தால் தண்டனை, தெரியாவிட்டால் ஆட்டம். அப்படித்தானே எல்லா விளையாட்டும்? கிரிக்கெட்டில் பேட்டில் பட்டது தெரிந்தும் எத்தனை பேர் நடுவர் விரலைத் தூக்கும்வரை நிற்கிறார்கள்.

கடைசிகுழி:

ஞாயிறு அண்ணே, கிரிக்கெட்டில் நடுவர் பக்கத்தில் நிற்கிறார். தீர்ப்பு அவருடைய வேலை. கோல்ஃபில் அந்த ஆளே கிடையாது. பெரிய போட்டியிலும் எல்லா ஷாட்டுக்கும் பக்கத்தில் ரெஃப்ரி நிற்பதில்லை. விதியைத் தன்மேல் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அமைப்பு. அதனால் "தெரியாவிட்டால் ஆட்டம்" என்ற வாதம் இங்கே செல்லாது.

கேமரா பற்றிச் சொன்னீர்கள். 2017 ஏ.என்.ஏ இன்ஸ்பிரேஷன் மகளிர் போட்டி நினைவிருக்கிறதா? கலிஃபோர்னியாவில் மிஷன் ஹில்ஸ் மைதானம். சனிக்கிழமை மூன்றாவது சுற்று, 17-ஆவது கிரீனில் (குழி இருக்கும் புல்தளத்தில்) லெக்ஸி தாம்ஸனுக்கு ஓரடி தூரத்தில் ஒரு சின்ன பட் (உருட்டி அடிப்பது). பந்துக்கு அடையாளம் வைத்து எடுத்தார், திருப்பி வைத்தார், தட்டி உள்ளே போட்டார். வைத்த இடம் ஓர் அங்குலம் அளவு தள்ளிப் போய்விட்டது. அவரும் பார்க்கவில்லை, கூட ஆடியவரும் பார்க்கவில்லை, அதிகாரிகளும் பார்க்கவில்லை. மறுநாள் தொலைக்காட்சி பார்த்த யாரோ ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். கடைசிச் சுற்றில் முன்னிலையில் இருந்தவரிடம், 12-ஆவது ஹோல் முடிந்து நடக்கும்போது, நான்கு ஸ்ட்ரோக் பெனால்டி என்று சொன்னார்கள். தவறான இடத்திலிருந்து ஆடியதற்கு இரண்டு, அந்தப் பெனால்டி இல்லாத கார்டில் முந்தைய நாள் கையெழுத்துப் போட்டதற்கு இரண்டு. அழுதுகொண்டே ஆடினார். கடைசி ஹோலில் பேர்டி (பாரைவிட ஒன்று குறைவு) போட்டு, சமநிலையை உடைக்கும் பிளேஆஃபுக்குப் போய், சோ யோன் ரியூவிடம் தோற்றார்.

அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் அந்தக் கோபம் போகவில்லை. தவறு நடந்தது உண்மை. ஆனால் முன்னிலையில் இருப்பவரின் ஒவ்வொரு அசைவையும் கேமரா பிடிக்கிறது, நாற்பதாவது இடத்தில் ஆடுபவரை யாரும் காட்டுவதே இல்லை. அதே தவறை அவர் செய்தால் மின்னஞ்சல் வராது. ஒரே போட்டி, இரண்டு அளவுகோல்.

நல்லவேளை, அதன்பிறகு மாற்றம் வந்தது. அந்த ஏப்ரல் மாதமே, வெறும் கண்ணால் நியாயமாகப் பார்த்திருக்க முடியாததை வீடியோவை வைத்து மட்டும் தண்டிக்கக்கூடாது என்று தீர்மானித்தார்கள். 2018 ஜனவரி முதல் பெரிய டூர்கள் தொலைக்காட்சிப் பார்வையாளர்களின் புகாரை ஏற்பதை நிறுத்திவிட்டன. ஒளிபரப்பைக் கவனிக்க அதிகாரி ஒருவரை உட்காரவைக்கிறார்கள். தெரியாமல் விட்ட பெனால்டிக்காகக் கார்டுக்கு மேற்கொண்டு போட்ட இரண்டு ஸ்ட்ரோக்கும் போயிற்று.

பார்வையாளர் தொலைபேசியில் சொல்லி ஆட்டக்காரர் மாட்டியது 2017-இல் தொடங்கியதல்ல. 1987-இல் சான் டியகோவில் கிரெய்க் ஸ்டாட்லர் மரத்தடியில் மண்டியிட்டு ஆட, பேன்ட் ஈரமாகாமல் இருக்கத் துண்டு ஒன்றை விரித்துக்கொண்டார். மறுநாள் அந்தக் காட்சியை மீண்டும் காட்டியபோது பார்வையாளர்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். நிற்கும் இடத்தைச் செயற்கையாக அமைத்துக்கொண்டார் என்று பெனால்டி. அது கார்டில் இல்லாததால் தகுதிநீக்கம். பேன்ட்டைக் காப்பாற்ற நினைத்ததற்கு இரண்டாம் இடமே போனது.

ஊட்டிக்குளிர்:

வெறும் கண் விதி வந்தும் பிரச்சினை தீரவில்லையே. 2016 அமெரிக்க மகளிர் ஓபன் பிளேஆஃபில் அன்னா நோர்ட்க்விஸ்டின் கிளப் (மட்டை), பின்னால் எடுக்கும்போது பங்கர் மணலில் சில துகள்களைத் தொட்டது. கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. இரண்டு ஸ்ட்ரோக், பிரிட்டனி லாங் வென்றார். சரி, அது பழைய விதிக் காலம். 2025 ஓபன், ராயல் போர்ட்ரஷ், இரண்டாவது சுற்று, 12-ஆவது ஹோல். ஷேன் லவ்ரி பயிற்சியாக ஒருமுறை வீசும்போது பந்து லேசாக அசைந்தது. அவர் பார்க்கவில்லை. சில ஹோல்கள் கழித்து வந்து சொன்னார்கள். இரண்டு ஸ்ட்ரோக். நான் பார்க்கவில்லை என்றே கடைசிவரை சொன்னார், ஆனாலும் பெனால்டியை ஏற்றுக்கொண்டார்.

கடைசிகுழி:

ஆமாம். அங்கே வெறும் கண்ணுக்குத் தெரியுமா என்ற கேள்வி எல்லை மேலேயே நின்றது. அசைவைப் பார்க்கும் கோணத்தில் அவர் கண் இருந்ததா என்று ஆளுக்கொரு கருத்து. அவர் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. மோசடிக்காரன் என்ற பெயர் வாங்குவதைவிட இரண்டு ஸ்ட்ரோக் இழப்பது மேல் என்று நினைக்கும் ஆட்டக்காரர்கள் இருக்கும்வரை இந்த ஆட்டம் நிற்கும்.

அதற்கும் முந்தைய உதாரணம் சொல்கிறேன். 2010 ஏப்ரல், ஹில்டன் ஹெட் தீவில் ஹார்பர் டவுன் மைதானம். பிரையன் டேவிஸும் ஜிம் ஃபியூரிக்கும் பிளேஆஃப். டேவிஸ் அதுவரை பி.ஜி.ஏ டூரில் ஒரு பட்டமும் வென்றதில்லை. பந்து கடலோர அபாயப் பகுதிக்குள். கிளப்பைப் பின்னால் எடுக்கும்போது உதிர்ந்து கிடந்த ஒரு நாணல் தண்டு அதில் உரசியதுபோல் ஓரக்கண்ணில் பட்டது அவருக்கு. ஷாட் நன்றாகவே கிரீனுக்குப் போய்விட்டது. அவரே ரெஃப்ரியைக் கூப்பிட்டார், வீடியோவைப் பாருங்கள் என்றார். வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்த்தபோதுதான் உரசல் தெரிந்தது. இரண்டு ஸ்ட்ரோக், பட்டம் ஃபியூரிக்குக்கு. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 2019-க்குப் பிறகு அதே உரசலுக்குப் பெனால்டியே இல்லை என்பது மனதை வலிக்கச் செய்கிறது.

1925 அமெரிக்க ஓபனில் பாபி ஜோன்ஸ் செய்ததும் இதுவே. ரஃபில் பந்து அசைந்ததை அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. தன்மேல் ஒரு ஸ்ட்ரோக் போட்டுக்கொண்டார். 72 ஹோல் முடிவில் சமநிலை, பிளேஆஃபில் வில்லி மக்ஃபார்லேனிடம் தோல்வி. அந்த ஒரு ஸ்ட்ரோக் இல்லாவிட்டால் பிளேஆஃபே தேவைப்பட்டிருக்காது.

புல்வெளிநடை:

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது. டேவிஸும் ஜோன்ஸும் பார்த்தார்கள், சொன்னார்கள். பந்து அசைந்தால் ஆட்டக்காரரின் கண் அங்கேயே இருக்கிறது. தேடல் நேரத்தில் அப்படிப் பார்க்க ஒன்றுமே இல்லை. கடிகாரத்தைப் பார்க்காதவருக்கு மீறல் நடந்ததே தெரியாது, எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். நேர்மை போதாத இடம் இது. யாராவது அளந்தால்தான் உண்டு.

விதிமேசை:

சரியாகச் சொன்னீர்கள். ஞாயிறு அண்ணனுக்கும் இதையே பதிலாகத் தருகிறேன். ஸ்ட்ரோக் பிளேயில் உங்கள் எதிராளி உங்கள் பக்கத்தில் இல்லை. அன்றைக்கு ஆடிய மற்ற குழுக்களில் இருக்கிறார்கள், வேறு ஹோலில். அந்தப் புதரை அவர்கள் பார்க்கவே முடியாது. அவர்கள் சார்பில் அங்கே நிற்பது கூட ஆடும் நீங்கள் இருவர்தான். மூன்றாம் இடத்தோடு போன ஒருவர் இருக்கிறார் அல்லவா? அவருக்கு அன்று என்ன நடந்தது என்று தெரியாமலேயே போகும்.

மேட்ச் பிளேயில், அதாவது இரு தரப்பும் ஹோல் ஹோலாக நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில், நிலைமை வேறு. எதிராளி நேராக நிற்கிறார். உங்கள் மீறலை அவர் பார்த்தும் விட்டுவிடலாம், அது அவர் உரிமை. ஆனால் இருவரும் பேசிவைத்துக்கொண்டு ஒரு விதியைப் புறக்கணிக்கக்கூடாது. செய்தால் இருவருக்கும் தகுதிநீக்கம். நேரத்தைப் பற்றித் தகராறு வந்தால் ரூலிங் (தீர்ப்பு) கேட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். அடுத்த ஹோலைத் தொடங்குவதற்கு முன் கேட்க வேண்டும்.

மார்க்கர் வேலையை லேசாக நினைப்பவர்களுக்கு 1968 மாஸ்டர்ஸ் ஒன்று போதும். ராபர்ட்டோ டி விசென்ஸோ 17-இல் 3 போட்டார். அவருக்கு மார்க்கராக இருந்த டாமி ஆரன் 4 என்று எழுதினார். டி விசென்ஸோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். உண்மையைவிட அதிகமாக எழுதிய ஸ்கோர் அப்படியே நிற்கும் என்பது விதி. 65 ஆட்டம் 66 ஆனது, பாப் கோல்பியோடு பிளேஆஃப் ஆட வேண்டியவர் ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றார். தொலைக்காட்சியில் அந்த 3-ஐ உலகமே பார்த்திருந்தது.

பைதூக்கி:

விதிமேசை சார், நேரம் தாண்டியதா இல்லையா என்றே தெரியாத நிலைமையில் மைதானத்தில் நிற்கும்போது என்ன செய்ய? புல்வெளிநடை சார் கதையில் எல்லாரும் அந்த இடத்தில்தானே சிக்கினார்கள்.

விதிமேசை:

நல்ல கேள்வி. ஸ்ட்ரோக் பிளேயில் அதற்கு ஒரு வழி இருக்கிறது, கிளப்புகளில் பலருக்குத் தெரியாது. என்ன செய்வது என்று சந்தேகம் வந்தால் இரண்டு பந்தால் அந்த ஹோலை முடிக்கலாம். சந்தேகம் வந்ததும், அடுத்த ஷாட் அடிப்பதற்கு முன், "இரண்டு பந்து ஆடப்போகிறேன், விதி அனுமதித்தால் இந்தப் பந்து கணக்கில் வர வேண்டும்" என்று மார்க்கரிடம் சொல்ல வேண்டும். கிடைத்த பந்து ஒன்று, திரும்பிப் போய் அடிக்கும் பந்து இன்னொன்று. புரொவிஷனல் ஆடியிருந்தால் அதையே இரண்டாவது பந்தாக வைத்துக்கொள்ளலாம், டீவரை ஓட வேண்டாம். கார்டு கொடுப்பதற்கு முன் கமிட்டியிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், இரண்டிலும் ஒரே ஸ்கோர் வந்தாலும்கூட. சொல்லாவிட்டால் தகுதிநீக்கம். கமிட்டி எல்லாரையும் விசாரித்து எது செல்லும் என்று தீர்மானிக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், புதர் பக்கம் போன பந்துக்குப் புரொவிஷனல் ஆடாமல் டீயை விட்டு நகராதீர்கள். "புரொவிஷனல்" என்ற சொல்லை வாயால் சொல்லுங்கள். "இன்னொண்ணு அடிக்கிறேன்" என்று சொல்லி அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும், பழையது கிடைத்தாலும் பயனில்லை.

தெற்குக்காற்று:

கிளப் போட்டிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது அல்லவா, திரும்பிப் போகாமல் ஃபேர்வேயில் போடுவது?

விதிமேசை:

ஆமாம், அது உள்ளூர் விதி. கமிட்டி அறிவித்திருந்தால் மட்டும்தான். பந்து தொலைந்த இடத்தை மதிப்பிட்டு, ஹோலுக்கு நெருங்காமல் பக்கத்து ஃபேர்வே ஓரத்தில் இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டியோடு போட்டு ஆடலாம். புரொவிஷனல் ஆடியிருந்தால் இதைப் பயன்படுத்த முடியாது. உயர்மட்டப் போட்டிகளுக்கு இது வேண்டாம் என்றே பரிந்துரைத்திருக்கிறார்கள். நம் மாதாந்திர மெடல் போன்றவற்றில் வைக்கலாம். திரும்பி நடக்க வேண்டும் என்ற பயம் போனால், "இன்னும் கொஞ்சம் தேடுவோம்" என்ற இழுபறியும் தன்னால் குறையும்.

ஞாயிறுகோல்ஃபர்:

மூன்றாம் இடத்தோடு போனவரைப் பற்றிச் சொன்னது உறைத்தது. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

புல்வெளிநடை:

நான் அந்த மூத்தவரிடமே பேசினேன். கேடி தொடங்கியதிலிருந்து நேரம் கணக்கு என்பது அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு அவரே கமிட்டிக்குப் போய்ச் சொன்னார். போட்டி முடிந்துவிட்டது, முடிவு நிற்கும் என்று அவர்களும் சொன்னார்கள். அடுத்த போட்டியில் டீயில் நின்று எங்கள் குழுவுக்கு அவரே சொன்னார்: "என் பந்துக்கும் சேர்த்து யாராவது டைம் பாருங்கப்பா." பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது இதுதான், ஞாயிறு. ஆட்டம் தொடங்கும் முன் சொன்னால் யார் முகமும் சுருங்காது. புதருக்குள் வைத்துச் சொன்னால் சுருங்கும்.

கமிட்டியிடம் அந்த உள்ளூர் விதியையும் கேட்டிருக்கிறோம். இன்னும் முடிவாகவில்லை.

ஊட்டிக்குளிர்:

கடைசியாக ஒரு சந்தேகம். தேடிக்கொண்டிருக்கும்போது பின்னால் வரும் குழுவைப் போகச் சொல்லி ஓரமாக நிற்கிறோம். அவர்கள் நான்கு பேரும் ஆடி முடிக்கப் பத்து நிமிடம். நம் மூன்று நிமிடம் அதற்குள் போய்விடுமா?

விதிமேசை:

போகாது. அடுத்தவர் ஆடுவதற்காக ஒதுங்கி நிற்கும்போது கடிகாரம் நிற்கும். ஒன்றரை நிமிடம் தேடியிருந்தால் மீதி ஒன்றரை நிமிடம் உங்களுக்கு இருக்கிறது, மீண்டும் தேடத் தொடங்கும்போது அங்கிருந்து ஓடும். ஆட்டம் நிறுத்தி வைக்கப்பட்டாலும் இதே கணக்கு. வேறு பந்தை உங்களுடையது என்று தவறாக நினைத்துத் தேடலை நிறுத்திவிட்டாலும் அந்த இடைவெளி சேராது. ஆனால் ஒதுங்கி நிற்கும்போது கேடியையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். அவர் புதருக்குள்ளேயே கிளறிக்கொண்டிருந்தால் நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.